கடைசியாக மாற்றியவர்: அட்மின்

நான் முதன்முதலாக ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச்சின் கான்ஃபிகரேஷனை மாற்றியது 2016 டிசம்பர் 13, அதிகாலை இரண்டேகால் மணிக்கு. வர்தா புயல் கரையைக் கடந்த நாளின் இரவு.

நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்கு என் ஞாபகசக்தி காரணமில்லை. அந்தக் கருவியே எழுதி வைத்திருந்தது. சிஸ்கோ ஸ்விட்ச்சில் ‘ஷோ ரன்னிங்-கான்ஃபிக்’ என்று தட்டினால் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். அவற்றின் உச்சியிலேயே, கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, யாரால் மாற்றப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். அன்று நேரம் சரியாக இருந்தது. யாரால் என்ற இடத்தில் என் பெயர் இல்லை. ‘பை அட்மின்’ என்று இருந்தது.

அந்த ஒரு வார்த்தையோடு நான் சில வருடங்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

*

2013-ல் நாவலூரில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில். கேம்ப் ரோடு சந்திப்பில் நின்றால் கம்பெனி கேப் வரும். மேடவாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர். போக ஒரு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஈ.சி.இ. படித்திருந்ததால் நெட்வொர்க் டீமில் போட்டார்கள். ஆறு பேர் சேர்ந்தோம். இரண்டு பேர் பெண்கள்.

வேலை முழுக்கக் கறுப்புத் திரையில். மவுஸுக்கு வேலையில்லை. கமாண்டை எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டும். உள்ளே நுழைந்ததும் ஸ்விட்ச்சின் பெயருக்குப் பக்கத்தில் ‘>’ என்று ஒரு குறி நிற்கும். அது பார்வையாளர் நிலை. ‘எனேபிள்’ தட்டிக் கடவுச்சொல் கொடுத்தால் அந்தக் குறி ‘#’ ஆக மாறும். சிஸ்கோ கணக்கில் முன்னது 1, பின்னது 15. அதற்கும் உள்ளே ‘கான்ஃபிகர் டெர்மினல்’ என்று போனால்தான் எதையும் மாற்ற முடியும். பார்க்கிறவர் யார், மாற்றுகிறவர் யார் என்று ஒரு சின்னக் குறியை வைத்தே சொல்லிவிடலாம்.

எனக்கு அந்தத் திரை பிடித்துப்போனது. சரியாகத் தட்டினால் வேலை செய்யும், தப்பாகத் தட்டினால் எந்த எழுத்தில் தப்பு என்று அந்த இடத்துக்குக் கீழே ஒரு குறி போட்டுக் காட்டும். ‘உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்’ என்று கேட்காது.

கேட்டது மனிதர்கள்தான். எனக்குக் கொடுத்த லாகினில் ‘#’ வரும். ஆனால் ‘ஷோ’, ‘காப்பி’ என்று தொடங்கும் கமாண்டுகள் மட்டும்தான் ஓடும். ‘கான்ஃபிகர் டெர்மினல்’ தட்டினால் ‘கமாண்ட் ஆத்தரைசேஷன் ஃபெயில்ட்’ என்று பதில் வரும். யார் எந்தக் கமாண்டைத் தட்டலாம் என்று வேறு ஊரில் இருந்த ஒரு சர்வர் தீர்மானித்தது. எங்கள் டீமில் இரண்டு பெண்களுக்கும் இந்த லாகின்தான். ஆண்கள் நான்கு பேருக்கும் ஆறு மாதத்தில் முழு லாகின் வந்துவிட்டது.

காரணம் கேட்டேன். “சேஞ்ச் எல்லாம் நைட்லதான்மா. உங்களை நைட்ல நிறுத்த முடியாது” என்றார் லீட்.

அது உண்மைதான். ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் பகலில் கை வைக்க மாட்டார்கள். சனிக்கிழமை நள்ளிரவிலிருந்து ஞாயிறு விடியும்வரை என்று நேரம் ஒதுக்குவார்கள். அந்த நேரத்தில் இல்லாதவருக்கு அந்த வேலை கைவராது. கைவராதவருக்கு அனுபவம் இல்லை. அனுபவம் இல்லாதவருக்குப் பதவி உயர்வு இல்லை. யாரும் ‘பெண்களுக்கு இந்த வேலை கிடையாது’ என்று எழுதி வைக்கவில்லை. கடிகாரம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

2014 பிப்ரவரியில், எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறுசேரியில், வேலை முடித்துக் கிளம்பிய ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். ஓ.எம்.ஆரில் வேலை பார்த்த எங்கள் எல்லோர் வீட்டிலும் அந்த வாரம் ஒரே பேச்சு. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “வேலையை விட்டுடறியா?” என்றார். அலுவலகத்தில் பெண்களை எட்டு மணிக்கு மேல் இருக்க விடக்கூடாது என்று வாய்மொழி உத்தரவு வந்தது. தெருவிளக்கு கேட்டோம், சிறுசேரிப் பக்கம் பேருந்து கேட்டோம், கேப்பில் காவலர் கேட்டோம். அவை மெதுவாக வந்தன. எட்டு மணி உத்தரவு மறுநாளே வந்துவிட்டது.

இது புதிய வாதமில்லை. தொழிற்சாலைகள் சட்டம் 1948-ன் 66-ஆவது பிரிவு, பெண்களை இரவு ஏழு மணிக்கு மேலும் காலை ஆறு மணிக்கு முன்பும் வேலை வாங்கக்கூடாது என்றது. அந்தத் தடை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்தது. இரவு வேலைக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்து தருவது வேலை தருகிறவரின் பொறுப்பு. பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது பாதுகாப்பு அல்ல. நாங்கள் தொழிற்சாலையில் வேலை பார்க்கவில்லை. ஆனாலும் பதினான்கு வருடத்துக்கு முன் தள்ளுபடியான அதே நியாயத்தைத்தான் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

*

பெண்களுக்கென்று ஒதுக்கிய வேலை, காப்பி எடுப்பது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கட்டடத்திலுள்ள எல்லா ஸ்விட்ச், ரௌட்டர்களின் கான்ஃபிகரேஷன் ஃபைலையும் ஒரு சர்வரில் தேதி போட்டு ஏற்றி வைக்க வேண்டும். குமாஸ்தா வேலை என்று நினைத்துக் கொடுத்தார்கள். நான் கற்றுக்கொண்டதெல்லாம் அதில்தான்.

இந்தக் கருவிகளில் ஒரே பொருளுக்கு இரண்டு ஃபைல் உண்டு. ஒன்று ‘ரன்னிங்-கான்ஃபிக்’. இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருப்பது. அது தற்காலிக நினைவகத்தில் இருக்கும். மின்சாரம் போனால் போய்விடும். மற்றது ‘ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்’. மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கும். கருவி மறுபடி உயிர்பெறும்போது இதைப் படித்துத்தான் தான் யார், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளும். நீங்கள் ஒரு மாற்றம் செய்தால் அது உடனே நடைமுறைக்கு வந்துவிடும். எல்லாம் சரியாக ஓடும். ஆனால் ‘காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்’ என்று ஒரு வரி தட்டிச் சேமிக்காவிட்டால், அந்த மாற்றம் சிலேட்டில் எழுதியதுதான். மாதக்கணக்கில் ஓடியிருந்தாலும் அப்படித்தான்.

சேமிக்க மறப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். வேலை முடிந்தது, போன் வேலை செய்கிறது, விடியற்காலை மூன்று மணி, தூக்கம் வருகிறது, கிளம்பிவிடுவார்கள்.

நான் காப்பி எடுப்பதோடு நிற்காமல் இந்த வாரத்து ஃபைலைப் போன வாரத்து ஃபைலோடு வரிக்கு வரி ஒப்பிடத் தொடங்கினேன். யார் என்ன மாற்றினார்கள், ஏன் மாற்றியிருப்பார்கள் என்று யோசிப்பேன். பிறகு ரன்னிங்கையும் ஸ்டார்ட்அப்பையும் ஒப்பிடுவேன். இரண்டும் ஒன்றாக இல்லாத கருவிகளைப் பட்டியல் போட்டு லீடுக்கு அனுப்புவேன். 2016 ஆகஸ்டில் மூன்றாம் மாடி ஸ்விட்ச் ஒன்று அந்தப் பட்டியலில் வந்தது. ‘நோட்டட்’ என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. செப்டம்பரில் மறுபடி எழுதினேன். ‘நோட்டட்’.

அதற்கு முந்தைய வருடம் அம்மா கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்காகப் பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். எங்கள் வீட்டில் அம்மா பல வருடம் சண்டை போட்டுச் சில விஷயங்களை மாற்றியிருந்தார். தம்பி சாப்பிட்ட தட்டை அவனே கழுவுவான். காலையில் அப்பா பால் காய்ச்சி காபி போடுவார். வருகிறவர்களிடம் அம்மா அதைப் பெருமையாகச் சொல்வார். மூன்றாம் நாள் நான் வேலை முடித்து மருத்துவமனைக்கும் போய்விட்டு வீட்டுக்கு வந்தபோது சிங்க்கில் தட்டுகள் குவிந்து கிடந்தன. அப்பா தலையை நிமிர்த்தி, “வந்துட்டியாம்மா, ஒரு வாய் காபி போடேன்” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்றவரை ஓடியது, அவர் இல்லாதபோது நின்றுவிட்டது. வீடு தன் பழைய ஃபைலை எடுத்து ஓடத் தொடங்கியிருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே, இதை யாரும் சேமிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நல்ல தொழில்பழக்கம் என்று சிரிப்பும் வந்தது. அழுகையும் வந்தது.

*

டிசம்பர் 12 திங்கட்கிழமை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை இரவுதான் முதல்வர் ஜெயலலிதா இறந்திருந்தார். ஊர் அப்போதுதான் மறுபடி நடமாடத் தொடங்கியிருந்தது. புயலுக்காகப் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். எங்களுக்கு விடுமுறை இல்லை. கேப் வந்தது, போனேன்.

பிற்பகலில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. எங்கள் கட்டடத்தின் கண்ணாடிச் சுவர்கள் அதிர்ந்தன. ஓ.எம்.ஆரில் மரங்களும் விளம்பரப் பலகைகளும் விழுந்து கிடந்தன. வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன என்று பின்னால் படித்தோம். மின்சாரம் போனது. போன் சிக்னல் போனது. இரவு ஷிஃப்டுக்கு வர வேண்டியவர்கள் வர முடியவில்லை, பகல் ஷிஃப்டில் இருந்தவர்கள் போக முடியவில்லை. எட்டு மணிக்கு மேல் பெண்கள் இருக்கக்கூடாத கட்டடத்தில் அன்று இரவு முழுக்க நாற்பது பெண்களுக்கு மேல் இருந்தோம். கேன்டீனில் மிச்சமிருந்த ரொட்டியைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். எங்களை யாரும் எதுவும் செய்யவில்லை.

ஜெனரேட்டரில் கட்டடம் ஓடிக்கொண்டிருந்தது. நள்ளிரவு தாண்டி ஜெனரேட்டரை மாற்றியபோது மூன்றாம் மாடி ரேக்கின் யுபிஎஸ் தாங்கவில்லை. பேட்டரி பழசு. ஸ்விட்ச் அணைந்து மறுபடி உயிர்பெற்றது. ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்கைப் படித்தது. ஜூலைக்கு முந்தைய ஃபைல். அந்த மாடியில் பாதிப் போன்கள் செத்துப்போயின. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு அது பகல் நேரம்.

நெட்வொர்க் டீமில் அன்று கட்டடத்தில் இருந்தது நான் மட்டும். லீடின் எண்ணுக்கு அழைப்பு போகவில்லை. என் லாகினை ஏற்று அனுமதி தர வேண்டிய சர்வர் வேறு ஊரில். அங்கே போகும் இணைப்பும் அறுந்திருந்தது. இப்படி நடந்தால் கருவிக்குள்ளேயே இருக்கும் ஓர் அவசர லாகின் வேலை செய்யும். அதன் பெயர் ‘அட்மின்’. அதன் கடவுச்சொல் தரைத்தளத்தில் செக்யூரிட்டி மேசையில், முத்திரை வைத்த உறையில் இருந்தது.

செக்யூரிட்டி அண்ணன் உறையை உடனே தந்துவிடவில்லை. ஒரு நீள நோட்டை விரித்தார். “பேரு, டயம், என்ன காரணம், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடும்மா” என்றார். இந்த நேரத்தில் இதென்ன என்று எரிச்சலாக வந்தது. டார்ச் வெளிச்சத்தில் எழுதினேன். ஒரு மணி ஐம்பது நிமிடம்.

லேப்டாப்பையும் வெளிர்நீலக் கன்சோல் கேபிளையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் படியேறினேன். டிசம்பர் 9 வெள்ளிக்கிழமை நான் எடுத்த காப்பி லேப்டாப்பில் இருந்தது. அதையும் இப்போது ஓடுவதையும் ஒப்பிட்டேன். இரண்டு மாடிகளை இணைக்கும் ட்ரங்க் போர்ட்டில் இரண்டு விலான்கள் விடுபட்டிருந்தன. பதினோரு போர்ட்டுகள் தப்பான விலானில் இருந்தன. எந்த வரிகள் வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக்கொண்டேன். ‘கான்ஃபிகர் டெர்மினல்’ தட்டினேன். இந்த முறை எதுவும் மறுக்கவில்லை.

ட்ரங்க்கில் புதிய விலானைச் சேர்க்கும்போது ‘ஆட்’ என்ற சொல்லைப் போட வேண்டும். போடாவிட்டால் ஏற்கெனவே இருக்கும் பட்டியல் முழுவதும் அழிந்து, நீங்கள் தட்டிய எண் மட்டும் மிஞ்சும். மூன்றெழுத்துச் சொல்தான். நல்ல அனுபவசாலிகளையே கவிழ்த்திருக்கிறது. நான் மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு என்ட்டர் தட்டினேன். கன்சோல் வழியாக வேகமாக ஒட்டினால் வரிகள் விடுபடும் என்பதால் ஐந்தைந்து வரியாக ஒட்டினேன். இரண்டேகால் மணிக்கு மூலையில் ஒரு போன் அடித்தது. பிறகு இன்னொன்று.

சேமித்தேன். சரிபார்க்க ‘ஷோ ரன்னிங்-கான்ஃபிக்’ தட்டினேன். அப்போதுதான் அந்த வரியைப் பார்த்தேன். ‘பை அட்மின்.’

மறுநாள் மாலை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். “எங்கடி இருந்த?” என்றார். “ஆபீஸ்ல. வேலை இருந்துச்சு” என்றேன். ராத்திரி வேலை பார்த்தேன் என்று அவரிடம் முதன்முதலாகச் சொன்னது அன்றுதான்.

*

என்ன நடந்தது என்று அறிக்கை எழுதினார்கள். ‘டீம் துரிதமாகச் செயல்பட்டுச் சரிசெய்தது’ என்று இருந்தது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நான் அனுப்பிய பட்டியல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஏப்ரலில் அப்ரைசல். “நல்லா பண்றீங்க. ஆனா சேஞ்ச் எக்ஸ்பீரியன்ஸ் இல்லையே” என்றார் லீட். வர்தா அன்று இரவு செய்ததைச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பதிவுகளில் ‘அட்மின்’ என்றுதான் இருந்தது. “யார் பண்ணாங்கன்னு இதுல எப்படிம்மா சொல்றது?” அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அது ஒரு பிரச்சினையாகப் படவில்லை.

அன்று மாலை கேப்புக்காகக் காத்திருந்தபோது அந்த நீள நோட்டு ஞாபகம் வந்தது. செக்யூரிட்டி மேசைக்குப் போனேன். அண்ணன் பழைய நோட்டைத் தேடி எடுத்தார். 13.12.2016, 1.50, என் பெயர், என் கையெழுத்து, காரணம். படம் எடுத்தேன். என் பழைய இரண்டு கடிதங்களையும், அவற்றுக்கு வந்த ‘நோட்டட்’ பதில்களையும், அந்தப் படத்தையும் சேர்த்து லீடுக்கும் அவருக்கு மேலே இருந்தவருக்கும் ஒரே கடிதமாக அனுப்பினேன். கடிதம் எழுத ஒரு மணி நேரம் ஆனது. அனுப்பும் பட்டனைத் தொட இரண்டு நாள் ஆனது. ஜூனில் முழு லாகின் வந்தது.

அந்த நாட்களில்தான் சிஸ்கோவின் கதையைத் தேடிப் படித்தேன். பயிற்சி வகுப்பில் அந்தக் கம்பெனியின் கமாண்டுகளை நூறு நூறாக மனப்பாடம் செய்தோம். அதை 1984-ல் தொடங்கிய இருவரில் ஒருவர் பெண் என்று யாரும் சொல்லவில்லை. சான்டி லெர்னர், கணவர் லியனார்ட் போசாக்கோடு சேர்ந்து தொடங்கினார். 1990-ல் அவரைக் கம்பெனியிலிருந்து நீக்கினார்கள். போசாக்கும் கூடவே வெளியேறினார். தங்கள் பங்குகளை விற்றார்கள். லெர்னர் அந்தப் பணத்தை வைத்துச் செய்தவற்றில் ஒன்று, இங்கிலாந்தில் ஜேன் ஆஸ்டினின் அண்ணனுக்குச் சொந்தமாக இருந்த சாட்டன் மாளிகையைச் சீரமைத்து, 1600 முதல் 1830 வரை ஆங்கிலத்தில் எழுதிய பெண்களின் நூல்களுக்கென்று ஒரு நூலகம் அமைத்தது. 2003-ல் அது திறந்தது. ஜேன் ஆஸ்டினின் முதல் நாவல் 1811-ல் வெளியானபோது தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்று மட்டும் இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கறுப்புத் திரையின் முதல் வரி கண்முன் வந்தது.

எங்கள் ஸ்விட்ச்சுகளில் தகவல் வளையமாகச் சுற்றி நெட்வொர்க்கே முடங்கிவிடாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையை 1985-ல் உருவாக்கியவர் ராடியா பெர்ல்மன் என்ற பெண். அதையும் வகுப்பில் சொல்லவில்லை. முறையைக் கற்பித்தார்கள், பெயரைச் சேமிக்கவில்லை.

*

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2018-ல் எனக்குக் குழந்தை பிறந்தது. 2017-ல் திருத்திய மகப்பேறு நலச் சட்டத்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. திரும்பி வந்த முதல் நாள் லாகின் செய்து ‘கான்ஃபிகர் டெர்மினல்’ தட்டினேன். ‘கமாண்ட் ஆத்தரைசேஷன் ஃபெயில்ட்.’

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. எனக்குக் கொடுத்திருந்தது தனிப்பட்ட விதிவிலக்கு. தொண்ணூறு நாள் பயன்படுத்தாத லாகின்கள் தானாக அடிப்படை நிலைக்குத் திரும்பிவிடும். எங்கள் டீமின் விதிகளை எழுதியிருந்த ஆவணத்தில், காப்பி வேலை செய்கிறவர்களின் அடிப்படை நிலை மாறவே இல்லை. இரண்டு வருடமாக நான் வெற்றி என்று நினைத்தது சேமிக்காத மாற்றம். நான் ஆறு மாதம் இல்லாதபோது பழைய ஃபைல் ஓடத் தொடங்கிவிட்டது.

“அதான் முன்னாடி குடுத்தோமே, ஒரு மெயில் போடுங்க, திரும்பக் குடுத்துடறோம்” என்றார்கள். இந்த முறை நான் எனக்கென்று கேட்கவில்லை. ஆவணத்தை மாற்றக் கேட்டேன். டீமில் சேர்ந்து ஆறு மாதம் ஆனவர் யாராக இருந்தாலும் முழு லாகின். இரவுப் பணிப் பட்டியலில் பெண்களைக் கேட்காமல் விடுவதும் கூடாது, கேட்காமல் போடுவதும் கூடாது. இரவில் வருகிறவர் யாராக இருந்தாலும் வீட்டு வாசல்வரை கேப். அவசர லாகினைப் பயன்படுத்தினால் யார் என்று இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பதிவு. கூடவே கருவிகளிலும் ஒவ்வொரு கமாண்டையும் தட்டியவர் பெயரோடு பதிந்து வைக்கும் வசதியைத் திருப்பிவிடச் சொன்னேன். சிஸ்கோவில் அதற்கு நான்கைந்து வரிதான். ஆவணம் மாற எட்டு மாதம் ஆனது.

*

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எல்லா வேலையும் வீட்டிலிருந்து. இரவில் பெண்கள் எப்படி வருவார்கள் என்ற கேள்வி ஒரே வாரத்தில் காணாமல் போனது. என் இரவுப் பணி எங்கள் வீட்டுக் கூடத்தில், சாப்பாட்டு மேசையில். குழந்தையைக் கணவர் பார்த்துக்கொள்வார் என்று முதல் நாளே பேசி, எந்தெந்த இரவு என்று காலண்டரில் எழுதி வைத்தோம். எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிறு, அதிகாலை ஒரு மணி. நாவலூர் கட்டடத்தின் ஸ்விட்ச் ஒன்றில் புதிய விலான் சேர்க்க வேண்டும். தாம்பரத்தில் உட்கார்ந்து தட்டினேன். ‘ஆட்’ போட மறந்தேன். வர்தா இரவில் மூன்று முறை படித்துப் பார்த்த அதே நான்தான். என்ட்டர் தட்டியதும் திரை உறைந்துபோனது. அந்தக் கருவியை நான் அடையும் வழியையே அழித்துவிட்டேன். கட்டடத்தில் கன்சோல் கேபிளோடு போய் நிற்க யாரும் இல்லை.

ஆனால் தொடங்குவதற்கு முன் நான் ஒரு கமாண்ட் கொடுத்திருந்தேன். ‘ரீலோட் இன் 10’. பத்து நிமிடத்தில் தானாக மறுபடி தொடங்கு என்று அர்த்தம். வேலை நன்றாக முடிந்தால் ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்து அதை நிறுத்திவிட்டு, பிறகு சேமிக்க வேண்டும். கெட்டுப்போனால், சேமிக்காத என் தப்பை மறந்துவிட்டுப் பழைய நல்ல ஃபைலோடு கருவி எழுந்து வரும். ஜூனிப்பர் கருவிகளில் இதற்கு ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ என்று பெயர். அங்கேயும் வழக்கமாகப் பத்து நிமிடம்தான். உறுதி செய்யாவிட்டால் மாற்றம் தானே பின்வாங்கிவிடும்.

பத்து நிமிடமும், கருவி எழுந்து வர இன்னொரு ஆறு நிமிடமும் காத்திருந்தேன். உள்ளே குழந்தை சிணுங்கியது, கணவர் ஏதோ சொல்லித் தட்டிக்கொடுப்பது கேட்டது. ஒன்று முப்பத்தொன்றுக்கு ஸ்விட்ச் பதில் சொன்னது.

டிக்கெட்டில் என்ன எழுதுவது? கூட வேலை பார்த்த ஒருவர் நல்லெண்ணத்தோடு, “பவர் ஃப்ளக்சுவேஷன்னு போட்டுடுங்க, யாரும் கேட்க மாட்டாங்க” என்றார். அவர்கள் அப்படித்தான் போட்டுப் பழகியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்களுடைய தப்புகள் ‘பவர்’ ஆகிவிடும், பிறகு ‘அனுபவம்’ ஆகிவிடும். என்னுடைய தப்பு என்ன ஆகும் என்றும் தெரியும். ‘லேடீஸுக்கு நைட் சேஞ்ச் குடுத்தா இப்படித்தான்’ என்று அடுத்து வரப்போகிற பெண்கள் மேலெல்லாம் ஒட்டும். பெண் ஒருத்தி தப்பு செய்தால் அது அவள் ஒருத்தியின் கணக்கில் நிற்பதில்லை.

உண்மையில் அரை மணி நேரம் யோசித்தேன். பிறகு என் பெயரைப் போட்டு, ‘ஆட் என்ற சொல் விடுபட்டது, ரீலோட் முன்பே கொடுத்திருந்ததால் பதினாறு நிமிடத்தில் சரியானது’ என்று எழுதினேன். பெயர் வேண்டும் என்று மூன்று வருடம் கேட்டவள், தப்பு நேரும் நாளில் மட்டும் அட்மினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், தொலைவிலிருந்து செய்யும் எல்லா மாற்றத்துக்கும் ‘ரீலோட் இன் 10’ கட்டாயம் என்று விதியில் எழுதிவிடலாமே என்றார். எழுதினோம்.

*

போன வருடம் டீமுக்கு ஒரு பெண் வந்தாள். மதுராந்தகம் பக்கம் ஊர். படூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஆறாம் மாதம் முடிந்ததும் அவளுக்கு முழு லாகின் வந்தது. யாரும் கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை. ஆவணத்தில் அப்படி இருக்கிறது, வந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு கதை இருப்பதே அவளுக்குத் தெரியாது. சொல்லலாமா என்று யோசித்தேன். இந்தக் கட்டுரையைக் கொடுத்துவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

அவளுடைய முதல் மாற்றத்துக்கு நானும் அலுவலகம் போனேன். சனிக்கிழமை இரவு. பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீபோர்டைத் தொடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“அக்கா, தப்பாயிடுச்சுன்னா?”

“அதுக்குத்தான் பத்து நிமிஷம் குடுத்திருக்கோம்.”

அவள் உதட்டை அசைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்துவிட்டுத் தட்டினாள். சோதித்தாள். ரீலோடை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவளாகவே ‘காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்’ தட்டிச் சேமித்தாள். பிறகு ஃபைலைத் திறந்து முதல் வரிகளைப் பார்த்தாள். நேரம் இரண்டு மணி நாற்பது நிமிடம். யாரால் என்ற இடத்தில் அவள் பெயர்.

அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்து, “கேப் வந்துடுச்சாக்கா?” என்று கேட்டாள்.